வாரக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு வரவு செலவுத் திட்டம் பயன்படுமா?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் கணவர் பனியன் நிறுவனத்தில் பவர் டேபிள் டெய்லர். பீஸ் ரேட் கணக்கில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ப, சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்குகிறார். நான் செக்கிங் பிரிவில் ஷிப்ட் கணக்கில் வேலை செய்கிறேன். ஆர்டர் நிறைய இருக்கும் வாரத்தில் இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 8,400 ரூபாய் கிடைக்கிறது. வேலை மந்தமான வாரத்தில் அது 4,900 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மகளுக்கு எட்டு வயது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக் கட்டணத்துக்காக என் வளையல்கள் அடகுக்குப் போகின்றன. தீபாவளி போனஸ் வந்த பிறகு அவற்றை மீட்கிறோம்; அடுத்த ஜூனில் அதே வளையல்கள் மறுபடியும் போகின்றன. வீட்டு வரவு செலவுக்கு ஒரு திட்டம் எழுதி வைத்தால் இது நிற்கும் என்று என் தங்கை சொல்கிறாள். அவள் கணவர் அரசுப் பணியில் இருப்பவர். என் கணவரோ, மாதம் பிறந்தால் சம்பளம் என்று இருப்பவர்களுக்குத்தான் திட்டம் எல்லாம், அடுத்த வாரம் எவ்வளவு வரும் என்றே தெரியாத நமக்கு எதை வைத்துத் திட்டம் போடுவது என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதனால் உண்மையில் என்ன பயன்? அவரோடு சண்டை போடாமல் இதைத் தொடங்குவது எப்படி?

பதில்: பேரேடு

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கணவரின் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் வந்து சேரும் முடிவு நேர் எதிரானது. மாதச் சம்பளக்காரருக்கு வருமானம் தானாகவே சமமாகப் பிரிந்து வருகிறது. உங்களுக்கு அப்படிப் பிரித்துக் கொடுப்பவர் யாரும் இல்லாததால், அந்த வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்குத்தான் திட்டம் அதிகம் தேவைப்படுகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டில் 35 வாரங்கள் நல்ல வேலை, 17 வாரங்கள் மந்தம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் 3,77,300 ரூபாய் ஆகிறது. வாரச் சராசரி 7,250 ரூபாய்க்குச் சற்று மேல். ஆகவே உங்கள் வீட்டின் வாரச் சம்பளம் 7,000 ரூபாய் என்று நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். நல்ல வாரத்தில் மிஞ்சும் 1,400 ரூபாயைத் தொடாமல் எடுத்து வைத்தால் 35 வாரங்களில் 49,000 சேரும். மந்த வாரம் ஒவ்வொன்றிலும் குறையும் 2,100 ரூபாயை அதிலிருந்து எடுத்தால் 17 வாரங்களுக்கு 35,700 போதும். எல்லா வாரமும் 7,000 ரூபாய் வீட்டுக்கு வந்த பிறகும் ஆண்டு முடிவில் 13,300 ரூபாய் மீதம் இருக்கும். வாரங்களின் எண்ணிக்கை உங்கள் அனுபவத்தில் வேறாக இருந்தால் அதை மாற்றிக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வளையல் போகும் காரணம். பள்ளிக் கட்டணம் என்பது திடீர்ச் செலவு அன்று. ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவு. இவ்வகைச் செலவுகளைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகின்றன. இரு பிள்ளைகளுக்கும் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என 30,000; தீபாவளிக்கு 15,000; பொங்கலுக்கு ஊர் போய் வர 8,000; குலதெய்வக் கோயிலுக்கு 5,000; மொய், சீர் வகையில் 12,000; வண்டிக் காப்பீட்டுக்கும் பழுதுக்கும் 2,000 என்று எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 72,000 ரூபாய். இதை 52 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 1,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஜூனில் மலைபோல் நிற்கும் தொகை சனிக்கிழமைக் கணக்கில் 1,400 ரூபாயாகிவிடுகிறது. வாடகை மாதம் 5,200 என்றால் வாரத்துக்கு 1,200. இவை இரண்டும் போக எஞ்சும் 4,400 ரூபாய்தான் மளிகை, காய்கறி, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன் ஆகியவற்றுக்கு உங்கள் கையில் உண்மையாகவே இருக்கும் பணம். இந்த எண் தெரியாததால்தான் நல்ல வாரத்தில் 8,400 ரூபாயும் செலவுக்கு உரியதுபோலத் தோன்றிவிடுகிறது.

போனஸை இந்தக் கணக்கில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தகுதியுள்ள தொழிலாளர்களுக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் என்று சட்டம் சொன்னாலும், எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை மாறும். அது வரும்போது கடனை அடைக்கப் பயன்படட்டும்.

பதில்: செவ்வந்தி

முந்தைய பதிலில் உள்ள கணக்கோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வீட்டுக் கணக்கு பல குடும்பங்களில் ஒரு மாதத்துக்குள் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: கணவர் குடும்பச் செலவுக்கு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மீதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். நல்லெண்ணெய் இப்போது என்ன விலை என்பது அவருக்குத் தெரியாது. வெளியில் அவர் வாங்கியிருக்கும் கைமாற்றுக் கடன் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியாது. இருவரும் நேர்மையாகவே சிக்கனம் செய்தாலும், ஒருவர் மிச்சப்படுத்தியதை மற்றவர் அறியாத வட்டி தின்றுவிடுகிறது. ஆகவே செலவைக் குறைப்பது பற்றி முதலில் பேச வேண்டாம். இருவருடைய வருமானத்தையும் இருவருடைய கடன்களையும் ஒரே நோட்டில் எழுதுவதோடு தொடங்குங்கள். அந்த நோட்டில் வட்டிக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கட்டும். 40,000 ரூபாய்க்கு அடகு வைத்து, நூற்றுக்கு இரண்டு வட்டி கொடுத்தால் மாதம் 800 ரூபாய் போகிறது. ஜூனில் வைத்து அக்டோபரில் மீட்டாலும் நான்கு மாதத்துக்கு 3,200 ரூபாய். மளிகைக் கடையில் பேரம் பேசி அந்தத் தொகையை ஓர் ஆண்டில் மிச்சப்படுத்துவது மிகவும் கடினம்.

நோட்டு என்பது ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் கருவியாகிவிடக் கூடாது. அவருக்கும் உங்களுக்கும் வாரம் ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத பணமாக ஒதுக்கிவிடுங்கள். அவர் டீக்கடையில் செலவழித்தாரா, நீங்கள் பூவும் ரிப்பனும் வாங்கினீர்களா என்ற விசாரணை அந்தத் தொகைக்குள் வரவே வேண்டாம். பணத்தால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இத்தகைய சிறு செலவுகளைக் குத்திக்காட்டுவதில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலவைக் குறைப்பது என்றவுடன் பெண்கள் முதலில் கை வைப்பது பாலிலும் முட்டையிலும், அதுவும் பெரும்பாலும் தங்கள் பங்கில். இது எனக்கு வேதனை தருகிறது. 2022-23ஆம் ஆண்டுக்கான தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 40 விழுக்காட்டைவிடச் சற்றுக் குறைவு. கிராமங்களிலும்கூட அது பாதிக்குக் கீழே வந்துவிட்டது. செலவின் பெரும்பகுதி சமையலறைக்கு வெளியில்தான் நடக்கிறது. தேட வேண்டிய இடமும் அதுதான்.

பதில்: அவிநாசிச் சாலை

மற்றவர்கள் சொன்னதை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. ஆனால் ஒரு வரம்பைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நியாயம் செய்ததாகாது. இருக்கும் வருமானத்தைத் திட்டத்தால் ஒழுங்குபடுத்த முடியும். குறைந்த கூலியைக் கூட்ட முடியாது. 4,400 ரூபாயில் நான்கு பேர் ஒரு வாரத்தை ஓட்டும் வீட்டில் ஒரே ஒரு மருத்துவமனைச் செலவு ஆண்டுக் கணக்கு முழுவதையும் கவிழ்த்துவிடும். அப்போது குடும்பத் தலைவியின் சாமர்த்தியக் குறைவு என்று யாரும் பேசக் கூடாது.

அதனால்தான், நோட்டைத் திறக்கும் முன் உங்கள் இருவருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் முறையாக நடக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். பீஸ் ரேட் தொழிலாளி என்பதால் விலக்கு எதுவும் இல்லை. தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. குடும்பம் முழுமைக்கும் சிகிச்சை கிடைப்பதோடு, தேவையான நாட்களுக்குப் பங்களிப்புக் கட்டியிருந்தால் நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாட்கள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கிறது. வாரக் கூலி வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்றே சொல்வேன். இருந்தும் தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதே தெரியாமல் வேலை செய்பவர்கள் ஏராளம். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும் எடுக்கலாம்.

குழுக் கடன் வாங்க யோசித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். இத்தகைய நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 முதல் விதித்திருக்கிறது. அது கடன் கொடுப்பவருக்கான உச்ச வரம்பு. உங்கள் வீட்டால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை அந்த 4,400 ரூபாயிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். 17 மந்த வாரங்கள் என்பது குறைவு, 20 என்று போடு என்று அவரே திருத்தினார். அப்படிப் போட்டாலும் நல்ல வாரங்களின் மிச்சம் பற்றாக்குறைக்கு ஈடாகிவிடுகிறது என்று பார்த்த பிறகு சம்மதித்தார். இப்போது ஒரே ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது: எடுத்து வைக்கும் பணத்தை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் நிற்காது. எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார், அதில் சேரலாமா?

பதில்: பேரேடு

20 மந்த வாரங்களுக்கு நல்ல வார மிச்சம் 44,800, தேவை 42,000; உங்கள் கணவர் எச்சரிக்கையாகப் போட்ட கணக்கும் சரியாகவே வருகிறது. அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருச் சீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டு வேறு, நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கும் பண்டிகைச் சீட்டு வேறு; நடத்துபவர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு ஒரு நெருக்கடி வந்தால் உங்கள் பணத்துக்கு ஈடு ஏதும் இராது. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இருவர் பெயரிலும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள், அதற்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ஜி.பே. இணைப்பும் வேண்டாம். ஆண்டுச் செலவுப் பணமும் மந்த வாரக் கையிருப்பும் அந்த ஒரே கணக்கில் இருக்கலாம். எது எவ்வளவு என்பது நோட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால் போதும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது என்பதால் ஜூன் கட்டணத்துக்கு அது பொருந்தாது.

மகளுக்கு எட்டு வயது என்று எழுதியிருந்தீர்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியாக வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். மிச்சம் வரும் ஆண்டில் கூடுதலாகப் போடலாம். கையிருப்பு நிலைபெறும் வரை அந்தக் குறைந்த தொகையே போதும்.

முதல் ஆண்டில் வரும் ஜூனுக்குள் முழுத் தொகையும் சேராமல் போகலாம். தீபாவளியும் பொங்கலும் இடையில் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்போது கட்டணத்தில் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு மட்டும், இரண்டு வளையல்களுக்குப் பதில் ஒன்றை வைத்து, தனியார் அடகுக் கடைக்குப் போகாமல் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். வட்டி அங்கே கணிசமாகக் குறையும்.