புதுப்பிப்பு: விளக்கே எரியாத மடிக்கணினி, பழுது நீக்கியே பயன்படுத்துகிறேன்

சார்ஜரைச் செருகினாலும் விளக்குகூட எரியாத, 2017இல் வாங்கிய என் மடிக்கணினியைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

தருமபுரியில் முதலில் காட்டிய கடையில் மதர்போர்டே போய்விட்டது, மாற்ற 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பவர் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடிக்கும் யோசனை எனக்குப் பலனளிக்கவில்லை. சார்ஜர் முனையில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே வழி திறந்தது: 19 வோல்ட் சரியாக வந்ததால் சார்ஜர் மீதிருந்த ஐயம் நீங்கி, மடிக்கணினியில் அது செருகப்படும் சாக்கெட்டைக் கவனித்தபோது, அது பற்றுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தருகே ஒருவர் 700 ரூபாய்க்கு அதை மாற்றித் தந்தார்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. டச்பேடை அழுத்த முடியாமல் போனதற்குப் பழமையே காரணம் என்று நான் அலட்சியமாக இருந்தேன். திறந்து பார்த்தால், அடியில் பேட்டரி உப்பி அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அப்படி உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அன்றே கழற்றச் சொன்னேன். புதியதற்கு 2,200 ரூபாய் ஆயிற்று.

ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு என்பதால் விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன், தமிழ்த் தட்டச்சு உட்பட எல்லாம் இயங்குகிறது.