ஹனஃபி ஜமாஅத்தில் ஷாஃபிஈ ஆள்: பெருநாள் தொழுகையில் தக்பீரை எப்படிச் சமாளிப்பது?

கீழக்கரைத் தம்பி:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஊர் கீழக்கரை, நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபு (மார்க்கச் சட்ட வழி). பெருநாள் தொழுகை என்றால் முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்றில்) ஏழு தக்பீர் (அல்லாஹு அக்பர் என்று சொல்வது), இரண்டாவதில் ஐந்து, இரண்டும் ஓதுவதற்கு முன்னால். சின்ன வயசிலிருந்து இதுதான் பழக்கம். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. நான் போகிற ஜமாஅத் ஹனஃபி, அது வேறு மத்ஹபு. நோன்புப் பெருநாளைக்கு ஹஜ்ரத் தொழுகை முறையை முன்னாடியே விளக்கினார், ஆனால் உருதுவில் சொன்னதால் பாதிதான் பிடிபட்டது. இரண்டாவது ரக்அத்தில் சூரா ஓதி முடித்து அல்லாஹு அக்பர் என்றதும் என் இடது பக்கத்து ஆள் ருகூஃவுக்குக் குனிந்துவிட்டார், வலது பக்கத்து ஆள் கையைத் தூக்கிவிட்டார். நடுவில் நான்.

இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. இமாம் மூன்று சொன்னால் மீதி நாலை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டுமா? பிந்திப் போனால் என்ன செய்வது? இன்னொன்று, மனைவியும் இங்கே கூட வந்திருக்கிறாள். இந்தப் பக்கம் பெண்கள் ஈத்காவுக்கு (பெருநாள் தொழுகை மைதானத்துக்கு) போகிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. அவள் என்ன செய்யலாம்?

பைக் பாய்:

மூணும் மூணும் ஆறு. இமாம் செய்றதைச் செய்ங்க பாய், முடிஞ்சது.

ஓய்வுபெற்ற மோதினார்:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பைக் பாய் சொன்னது சரிதான், ஆனால் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு சஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்க முடியாது. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாராக இருந்தவன். பெருநாளுக்கு முதல் நாள் ராத்திரி மைதானத்தில் கயிறு பிடித்து சுண்ணாம்புக் கோடு போடுவதும், மறுநாள் கடைசி சஃப்பில் நிற்பதும் என் வேலை. நீங்கள் சொன்ன அந்தக் காட்சியைக் கடைசி சஃப்பில் நின்றால் வருஷா வருஷம் பார்க்கலாம். முன் சஃப்பு இமாமைப் பார்க்கும். பின் சஃப்புக்கு மைக் சத்தம் மட்டும்தான். ஓதி முடித்து ஒரு தக்பீர் கேட்டால் குனிவதுதான் ஐந்து வேளையும் உடம்புக்குப் பழக்கம். வருஷத்தில் இரண்டே தொழுகையில் அது மாறினால் உடம்பு கேட்குமா? பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள், அவர் இவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஹனஃபி முறை இதுதான். முதல் ரக்அத்தில் தக்பீர் கட்டி ஸனா (தொடக்கத் துதி) ஓதியதும் மூன்று தக்பீர். முதல் இரண்டுக்கும் கையைக் காதுவரை உயர்த்திக் கீழே தொங்கவிட வேண்டும், மூன்றாவதுக்கு உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஃபாத்திஹா, சூரா. இரண்டாவது ரக்அத்தில் ஓதல் முதலில். அது முடிந்தபின் மூன்று தக்பீர், மூன்றுக்கும் கை உயர்த்தித் தொங்கவிட வேண்டும். நாலாவது தக்பீர் ருகூஃவுக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு ‘மூணு கைக்கு, நாலாவது முதுகுக்கு’ என்று சொல்லிக்கொடுப்பேன். ஆனால் தம்பி, நீங்கள் ஷாஃபிஈ, ருகூஃவுக்குப் போகும்போதும் கை உயர்த்துவீர்கள். கையை வைத்துக் கணக்குப் பிடித்தால் உங்களுக்குச் சரிப்படாது. காதால் எண்ணிக்கொள்ளுங்கள், நாலாவது கேட்டால் குனியுங்கள்.

மீதி நாலைச் சொல்ல வேண்டியதில்லை. இமாம் ஏழுக்குக் குறைத்துச் சொன்னால் பின்னால் நிற்பவரும் அவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் உங்கள் மத்ஹபு கிதாபிலும் இருக்கிறது. இந்தக் கூடுதல் தக்பீர்கள் ஷாஃபிஈயில் சுன்னத் (நபிவழி, கட்டாயமில்லை), ஒன்றிரண்டு விட்டுப்போனால் தொழுகை முறியாது, ஸஜ்தா ஸஹ்வும் (மறதிக்காகச் செய்யும் ஸஜ்தா) இல்லை. ஹனஃபியில் அவை வாஜிப் (விடக் கூடாதவை), அதனால்தான் இங்கே ஹஜ்ரத்மார்கள் தொழுகைக்கு முன்னால் அத்தனை தடவை விளக்குகிறார்கள். தக்பீருக்கு நடுவில் நீங்கள் கை கட்டி ஸுப்ஹானல்லாஹி வல்ஹம்து லில்லாஹி ஓதுவீர்கள். இங்கே இமாம் சும்மா நிற்பார், மூன்று தஸ்பீஹ் சொல்லும் நேரம்தான் கிடைக்கும். உங்கள் வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு அதை ஓதுங்கள், தப்பில்லை.

பிந்தி வந்தால்: இமாம் ஓத ஆரம்பித்துவிட்டார் என்றால் ஹனஃபிக்காரர் தக்பீர் கட்டியதும் அந்த மூன்றையும் தானே சொல்லிக்கொள்வார். உங்களுக்கு அதுவும் இல்லை, விட்டது விட்டதுதான், பேசாமல் இமாமோடு சேர்ந்துகொள்ளுங்கள். முதல் ரக்அத்தே போய்விட்டால் இமாம் ஸலாம் கொடுத்தபின் எழுந்து ஒரு ரக்அத் தொழ வேண்டும். உங்கள் மத்ஹபில் அது இரண்டாவது ரக்அத் கணக்கு, ஆகவே ஐந்து தக்பீர் சொல்லி ஓதுங்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஸலாம் கொடுத்ததும் குத்பாவுக்கு (உரைக்கு) இமாம் மிம்பர் மேடையில் ஏறுவார். ஜும்ஆவில் குத்பா முதலில், தொழுகை பிறகு, பெருநாளில் தலைகீழ். அந்த நேரம் பார்த்துப் பாதி மைதானம் எழுந்து கட்டிப்பிடிக்க ஆரம்பித்துவிடும், செல்ஃபி வேறு. இருந்து கேட்பது சுன்னத். இரண்டு குத்பாவும் முடிந்து எழுந்து கட்டிப்பிடித்தால் பெருநாள் எங்கே ஓடிவிடப்போகிறது? பிரியாணி தம்மில்தான் இருக்கும்.

கீழக்கரைத் தம்பி:

ஜஸாகல்லாஹு கைரன் பாய். காதால் எண்ணச் சொன்னது நல்ல யோசனை. ஈத்காவுக்குப் போனதும் இரண்டு ரக்அத் தொழலாமா? பாங்கும் இகாமத்தும் இல்லாததால் எப்போது எழுந்து நிற்பது என்றே தெரியவில்லை.

ஓய்வுபெற்ற மோதினார்:

நபி (ஸல்) பெருநாள் தொழுகைக்கு முன்னாலும் பின்னாலும் வேறு எதுவும் தொழவில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன ஹதீஸ் இருக்கிறது. மைதானத்தில் தக்பீர் முழங்கிக்கொண்டு உட்காருங்கள். உங்கள் ஊரில் ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ என்று கூப்பிடுவார்கள், எல்லா இடத்திலும் அது கேட்காது. இங்கே சஃப்பை நேராக்கச் சொல்லி மைக்கில் குரல் வரும், அப்போது எழுந்தால் போதும். உருது பயான் முடியப்போகும்போதே ஒளுவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து போவது லேசில்லை. வரும்போது சொந்தமாக ஒரு முசல்லா (தொழுகை விரிப்பு) கொண்டுவாருங்கள், அந்தச் சுண்ணாம்புக் கோடு வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் போகாது.

வட்டிலப்பம் ராத்தா:

தம்பி, உங்க வீட்டுக்காரம்மாவுக்காக நான் சொல்றேன். நானும் உங்க ஊர்க்காரிதான், வாழ்க்கைப்பட்டது ஹனஃபி ஊரில். ஊரில் பெண்கள் தைக்காவில் கூட்டமாத் தொழுது பழகிட்டு, இங்கே வந்து முதல் பெருநாளில் நான் அடுப்படியில் நின்றேன், அழுகையே வந்துடுச்சு. பெண்கள் எல்லாரையும், மாதவிடாயால் தொழுகை இல்லாதவங்களைக்கூட, பெருநாள் மைதானத்துக்குக் கூட்டி வரச் சொன்ன ஹதீஸை உம்மு அத்திய்யா (ரலி) அறிவிச்சிருக்காங்க. தொழாதவங்க தொழுகை இடத்தைவிட்டு ஒதுங்கி துஆவில் கலந்துக்கணும், அவ்வளவுதான். ஆம்பூரில் பெண்களுக்குத் தனி இடம் ஏதாவது இருக்கான்னு முதலில் விசாரிங்க.

இல்லேன்னா வீட்டிலேயே தொழலாம். ஷாஃபிஈயில் இதைத் தனியாவும் தொழலாம். சூரியன் எழும்பிக் கால் மணி நேரம் போனதும் ஆரம்பிச்சு லுஹருக்கு முன்னால் எப்ப வேணும்னாலும் தொழட்டும், ஏழும் ஐந்துமா. குத்பா வேண்டாம். அக்கம்பக்கத்தில் நம்ம ஊர்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தா ஜமாஅத்தாவே தொழலாம், இமாமா நிற்கிறவங்க முன்னால் போகாம சஃப்புக்கு நடுவிலேயே நிற்கணும்.

காலையில் சாப்பாடு விஷயமும் சொல்லிடறேன். நோன்புப் பெருநாளுக்குப் பேரீச்சம்பழம் ஒற்றைப்படையாச் சாப்பிட்டுப் போகணும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் திரும்பி வந்துதான் சாப்பாடு. இடியாப்பத்தைப் பிழிஞ்சு மூடி வைக்கச் சொல்லுங்க.

கீழக்கரைத் தம்பி:

ராத்தா, வட்டிலப்பம் இல்லையா?

வட்டிலப்பம் ராத்தா:

இருபது முட்டை வாங்கிக் கொடுத்துட்டுக் கேளுங்க தம்பி.

பைக் பாய்:

குர்பானியை தொழுகைக்கு முன்னாடியே அறுத்துட்டு வந்துடலாமான்னு எங்க ரூம்ல ஒருத்தன் கேக்குறான். கசாப்புக்காரர் காலையில்தான் ஃப்ரீயாம்.

ஓய்வுபெற்ற மோதினார்:

கூடாது. அபூ புர்தா (ரலி) தொழுகைக்கு முன்னால் அறுத்தபோது, அது வெறும் இறைச்சி ஆடுதான் என்று நபி (ஸல்) சொல்லி, வேறொன்று அறுக்க வைத்தார்கள். கசாப்புக்காரர் அன்றைக்குக் கிடைக்காவிட்டால் மறுநாள் இருக்கிறது, அதற்கு மறுநாளும் இருக்கிறது.

கீழக்கரைத் தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. பள்ளி போர்டில் தொழுகை நேரத்தை ராத்திரியே பார்த்துவிடுங்கள். குர்பானி வேலை கிடப்பதால் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையை நோன்புப் பெருநாளைவிடச் சீக்கிரம் வைப்பார்கள். போன தடவை நேரத்தை நினைத்துக்கொண்டு கிளம்பினால் குத்பாதான் கிடைக்கும். போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி வேறு என்பது சுன்னத், அதனால் பைக்கை ஈத்கா வாசலில் விடாமல் கொஞ்சம் தள்ளி விடுங்கள்.