பூஜ்யம் விழுந்த வாரம்: கிரெடிட் அனுபவங்களைப் பகிருங்கள்

கார்முகில்

வணக்கம் நண்பர்களே. தன்னார்வக் கணிப்புக்கு, அதாவது ஆராய்ச்சித் திட்டங்களின் கணக்குகளைப் போட்டுத் தர, கணினியை ஓடவிட்டிருக்கும் எல்லாரிடமும் அதற்கு விழும் புள்ளியான கிரெடிட் பற்றி ஒரு கதையாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புது பிராசஸர் போட்டதும் அதன் வேகத்தை விதித்த அளவுக்கு மேல் ஏற்றி ஓவர்கிளாக் செய்தேன். 7 மணி நேரம் எடுத்த டாஸ்க் 6 மணி நேரத்துக்குள் முடிந்தது. கேம், வீடியோ எதிலும் பிரச்சினை இல்லை, ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. நாலு நாள் கழித்துக் கணக்குப் பக்கத்தைத் திறந்தால், அனுப்பியதில் பாதிக்கு மேல் ‘சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது’ என்று நின்றது. சரிபார்க்க அதே டாஸ்க் வேறொருவருக்கும் போகும், அந்த ஜோடி இன்னும் முடித்திருக்க மாட்டார் என்று விட்டுவிட்டேன். அடுத்த ரெண்டு நாளில் அதே வரிகள் ‘முடிவு தெளிவில்லை’ என்று மாறியிருந்தன.

ஒன்றைச் சொடுக்கி உள்ளே போனேன். ஒரே வொர்க் யூனிட்டின் (வேலைத் துண்டின்) கீழ் மூன்று வரிகள். முதல் வரி என் கணினி. இரண்டாவது யாரோ ஒருவருடையது. மூன்றாவது, அன்று காலைதான் புதிதாக இன்னொருவருக்குப் போயிருந்தது. மறுநாள் அந்த மூன்றாமவரின் விடை வந்துவிட்டது. அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கிரெடிட். என் வரியில் ‘செல்லாது’, அதற்குப் பக்கத்தில் 0.00.

அந்த வாரம் மட்டும் இப்படி 11 டாஸ்க். அறுபது மணி நேரத்துக்கு மேல் ஓடியும் ஒரு புள்ளி விழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என் கரண்ட், என் கணினி, எதற்கு எனக்குப் பூஜ்யம் என்று. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது நிஜமாகவே பயம் வந்தது. என் கணினி எந்தச் சத்தமும் இல்லாமல் தப்பான எண்களைக் கொடுத்திருக்கிறது, எனக்குத் துளிகூடத் தெரியவில்லை. ஓடிய நேரத்துக்குக் கிரெடிட் தரும் முறையாக இருந்திருந்தால் மாதக்கணக்கில் அப்படியே அனுப்பிக்கொண்டிருப்பேன். வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். அதற்குப் பிறகு அனுப்பியதில் ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை.

எனக்கு அந்த 0.00 செய்த உதவியை எந்தப் புள்ளியும் செய்ததில்லை. உங்களுக்கு எப்படி விழுந்தது, எங்கே விழாமல் போனது, சொல்லுங்கள்.

குறிஞ்சி

நல்ல இழை, கார்முகில். வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடிய செட்டி@ஹோம் திட்டம் தொடங்கிய 1999-லிருந்தே நான் இருக்கிறவன். அப்போது கிரெடிட் என்ற பேச்சே கிடையாது. எத்தனை வொர்க் யூனிட் முடித்தோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான். ஒரே திட்டம் இருந்தவரை அது போதுமாக இருந்தது.

பாயிங்க் என்ற பொது மென்பொருள் வந்த பிறகு ஒரே கணினியில் பல திட்டங்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்றில் டாஸ்க் 20 நிமிடம், இன்னொன்றில் வாரக்கணக்கு. எண்ணிக்கையை வைத்து எதை எதோடு ஒப்பிடுவது? அதற்காக வந்த அலகுதான் காபிள்ஸ்டோன், நாம் கிரெடிட் என்பது அதைத்தான். செட்டி குழுவில் இருந்த ஜெஃப் காப்பின் பெயரை வைத்தார்கள். வினாடிக்கு 100 கோடி தசமக் கணக்குகள் போடும் கணினி, அதாவது 1 கிகாஃப்ளாப்ஸ் கணினி, ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 கிரெடிட். கணக்குப் போட்டால் 7 நிமிடம் 12 வினாடிக்கு ஒன்று.

சொல்ல எளிது, அளக்கத்தான் கஷ்டம். ஆரம்பத்தில் நம் கணினியே ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டி, அதை சிபியு நேரத்தோடு பெருக்கி, ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று கேட்கும். பாயிங்க் மூலநிரல் எல்லார் கைக்கும் கிடைக்கிறது. அதனால் சிலர் அதைத் திருத்தி பெஞ்ச்மார்க்கை ஏற்றிவிட்டுக் கேட்டார்கள். அதைத் தடுக்க, மூன்று பேர் கேட்டால் நடுவில் உள்ளதைக் கொடுப்பது, ரெண்டு பேர் என்றால் குறைந்ததைக் கொடுப்பது என்று திட்டங்கள் வைத்துக்கொண்டன.

அதில் அடிபட்டது நேர்மையானவர்களும்தான். என் கணினியில் ரெண்டு ஹார்டு டிஸ்க், ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். அதே பிராசஸர், அதே டாஸ்க், ஆனால் லினக்ஸில் பெஞ்ச்மார்க் குறைவாக வரும், கேட்பதும் குறையும். எனக்குக் குறைந்தால் பரவாயில்லை, என்னோடு ஜோடி சேர்ந்தவருக்கும் என் குறைந்த கேட்புதான் கிடைத்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தும். இன்னொரு கொடுமை, நிரலை மெருகேற்றி அதே டாஸ்க்கைப் பாதி நேரத்தில் முடித்தால், சிபியு நேரம் பாதியாகி, கேட்பதும் பாதியாகிவிடும். அறிவியலுக்கு ரெட்டிப்பு வேலை செய்தவருக்கு டாஸ்க்குக்குப் பாதிப் புள்ளி!

அதனால்தான் பிறகு செட்டியில் நேரத்தை விட்டுவிட்டு, செய்த கணக்குகளையே எண்ணும் முறைக்குப் போனார்கள். அது எவ்வளவோ மேல். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அணில்பிள்ளை

நான் புதுசு, அண்ணா. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் திட்டத்தில் சேர்ந்த முதல் மாதம் அவர்கள் தளத்தில் 7,000 சொச்சம், பாயிங்க் மேனேஜரில் 1,000 சொச்சம். மீதியை யாரோ விழுங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் புள்ளி ஏழு சேர்ந்தால்தான் பாயிங்க் கிரெடிட் ஒன்று. வேறு வேறு அளவுகோல், வேலை ஒன்றுதான்.

தும்பி

நான் ஃபோல்டிங்@ஹோம் ஆள். அது பாயிங்க் கிடையாது, புள்ளி முறையும் வேறு. அங்கே சீக்கிரம் திருப்பித் தருவதற்குத்தான் மதிப்பு. ஒரு புரதத்தின் அசைவைத் துண்டு துண்டாகக் கணிக்கிறார்கள். இந்தத் துண்டு வந்தால்தான் அதன் அடுத்த துண்டை உருவாக்க முடியும். ஆயிரம் கணினி இருந்தாலும் அந்தச் சங்கிலியில் நம் ஒருவருக்காக அடுத்த வேலை காத்து நிற்கும்.

அதனால் அடிப்படைப் புள்ளியை, கெடுவுக்கும் எடுத்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தை வைத்துப் பெருக்குகிறார்கள். எடுத்த நேரம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் ஒரு துண்டுக்கான புள்ளி இருமடங்கு. அதே நேரத்தில் நாலு மடங்கு துண்டுகளும் முடிகின்றன. ஆக ஒரு நாள் புள்ளி எட்டு மடங்கு. பழைய சிபியுவிலிருந்து நல்ல ஜிபியுவுக்கு மாறியபோது என் எண்கள் திடீரென்று எகிறியது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது.

சேரும்போது எனக்குத் தெரியாமல் போனது ஒன்று. பாஸ்கீ (நம்மை அடையாளம் காட்டும் தனிக் குறியீடு) எடுத்து, அதில் 10 துண்டுகள் முடித்து, 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஒழுங்காகத் திருப்பினால்தான் போனஸ். நான் ரெண்டு மாதம் பாஸ்கீ இல்லாமலே ஓட்டினேன். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

வேங்கைமரம்

எனக்கு க்ளைமேட்பிரடிக்‌ஷன் அனுபவம். ஒரு காலநிலைக் கணிப்பு மாதிரியை முடிக்கவே மாதக்கணக்காகும் காலம் அது. 60 சதவீதம் தாண்டியிருந்தது. ஒரு நாள் ராத்திரி ஹார்டு டிஸ்க் போய்விட்டது, பேக்கப்பும் இல்லை. காலையில் ‘டிக் டிக்’ என்று டிஸ்க் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மாத உழைப்பு, முடியாத டாஸ்க், கிரெடிட் ஏது என்று.

வேறு கணினியில் கணக்கைத் திறந்து பார்த்தால், அதுவரையிலான கிரெடிட் அப்படியே இருக்கிறது. அங்கே முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் ட்ரிக்கிள் என்று ஒரு சின்னத் தகவல் சர்வருக்குப் போகும், அந்தந்தத் தவணைக்குக் கிரெடிட் விழும். நீளமான டாஸ்க் தரும் எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவணை முறை இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாதமே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அணில்பிள்ளை

ஒரு சந்தேகம். ஒரே திட்டத்தில் ஒரே மாதிரி ரெண்டு டாஸ்க், ஓடிய நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்கு 82, இன்னொன்றுக்கு 117. இது எப்படி?

குறிஞ்சி

தம்பி, அது 2010-ல் வந்த முறையாக இருக்கும். சாதனத்தின் உச்ச வேகத்தையும் ஓடிய நேரத்தையும் பெருக்கிவிட்டு, அந்த நிரல் பதிப்பின் சராசரி, உன் கணினியின் சராசரி இதையெல்லாம் வைத்துச் சரிக்கட்டும். சராசரி நகர நகர புள்ளியும் ஆடும். எல்லாத் திட்டத்துக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம், ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை. தன் கணினிக்கு ஏன் இந்த எண் வந்தது என்று சாதாரண ஆளால் சரிபார்க்க முடியாத முறை அது. ஐன்ஸ்டைன்@ஹோம் திட்டத்தில் பார், ஒரு வகை டாஸ்க்குக்கு இவ்வளவு என்று நிர்ணயித்துவிடுகிறார்கள். யார் ஓட்டினாலும் அதே. ரொசெட்டா திட்டத்தில் எத்தனை புரத மடிப்பு மாதிரிகளை உருவாக்கினாய் என்பதைப் பொறுத்து. ரெண்டும் கேட்டதும் புரிகிறது.

திட்டத்துக்குத் திட்டம் புள்ளியை ஒப்பிடாதே. ஒரே கணினி ஒரு திட்டத்தில் வாங்குவதைப் போலப் பல மடங்கு இன்னொன்றில் வாங்கும். அதற்காக அந்த ஆராய்ச்சி பல மடங்கு பெரிது என்று ஆகாது.

கார்முகில்

ஒரு நாள் கிரெடிட்டைக் காட்டும் அந்த ‘சமீபத்திய சராசரி’ எண்ணையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அது வாரத்துக்குப் பாதியாகக் கரையும். ரெண்டு வாரம் கணினியை அணைத்துவிட்டுத் திரும்பினால் 4,000 இருந்தது 1,000 ஆகியிருக்கும். புதுக் கணினி தன் முழு அளவில் 94 சதவீதத்தைத் தொடவே நாலு வாரம் ஆகும். அதற்குள் ‘என் கணினி மெதுவாகிவிட்டது’ என்று செட்டிங்கைக் கிளற வேண்டாம். மொத்தக் கிரெடிட் அப்படியே இருக்கும்.

தும்பி

ஜோடிக் கணினி பற்றிக் குறிஞ்சி சொன்னது மனசில் நின்றுவிட்டது. 2010-ல் ஐன்ஸ்டைன்@ஹோம் ஒரு புதுப் பல்சரை, அதாவது வேகமாகச் சுழலும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தது, ஜே2007+2722. அரெசிபோ தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து, நொடிக்கு 41 தடவை சுழலும் ஒன்று. அதைக் கண்டவர்கள் என்று அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியையும் ஜெர்மனியின் மைன்ஸில் ஒருவரையும் அறிவித்தார்கள். ஒருவர் கணினி கண்டதை மற்றவர் கணினியும் கண்டது, அதனால் ரெண்டு தரப்புக்கும் பெயர். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள்.

பகா எண்களைத் தேடும் பிரைம்கிரிட்டில் வேறு வழக்கம் இருந்தது. பகா எண்ணை முதலில் திருப்பியவர் கண்டுபிடித்தவர், அடுத்தவர் சரிபார்த்தவர். கிரெடிட் இருவருக்கும் கிடைத்தது.

அணில்பிள்ளை

இதெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் என் பட்டியலைத் திறந்தேன். 14 டாஸ்க் காத்திருப்பில். ஒன்றை மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். நான் முடித்து 9 நாள் ஆகிறது, ஜோடிக்கு நாளை இரவு கெடு. அவர் இன்னும் திருப்பவில்லை. அவர் பெயர் தெரியாதபடி மறைத்து வைத்திருக்கிறார், ஆறு வருஷப் பழைய பிராசஸர் என்று மட்டும் தெரிகிறது. முடித்துவிடட்டும். நாளை இரவு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.