டென்மார்க்கின் மக்கள் நல அரசு குடிவந்தவர்களை ஏற்கிறதா?

வடகாற்று:
மனிதருக்குப் பிழைப்பைப் பற்றிய அச்சம் நீங்கினால்தான் அயலார் மீதான வெறுப்பும் நீங்கும் என்பது என் நிலைப்பாடு. அதற்கு டென்மார்க்கைச் சான்றாக வைக்கிறேன். அங்கே வருமான வரி மிக அதிகம், பொருள்கள் மீதான மதிப்புக்கூட்டு வரியோ 25 விழுக்காடு. ஆனால் மருத்துவமனையில் கட்டணம் இல்லை. பல்கலைக்கழகத்திலும் கட்டணம் இல்லை என்பதோடு படிக்கும் மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கென்று சட்டமே இல்லாத அந்த நாட்டில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களே கூலியைத் தீர்மானிக்கின்றன. ஆளை வேலையிலிருந்து நீக்குவது எளிது. எனினும் வேலையிழப்புக் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு இரண்டு ஆண்டு வரை உதவி கிடைப்பதால் வேலையிழப்பு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதில்லை. இப்படிப்பட்ட சமூகமே பிறரையும் அணைத்துக்கொள்ளும்.

கடலோடி:
வாழ்க்கைத்தரத்தைப் பற்றித் தாங்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். அதிலிருந்து தாங்கள் வந்தடையும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 2018-இல் அந்நாடு இயற்றிய சட்டங்களைப் பாருங்கள். வேலைவாய்ப்பு, கல்வி, வருமானம், குற்றம் ஆகிய அளவுகோல்களில் பின்தங்கிய ஒரு குடியிருப்பில், 'மேற்கல்லாத' (மேற்கத்தியம் அல்லாத) நாடுகளைச் சேர்ந்தோர் பாதிக்கு மேல் இருந்தால், அது அரசின் பட்டியலில் 'கெட்டோ' (ஒதுங்கிய சேரி) எனப் பதிவாயிற்று. 2021-இல் பெயரை மாற்றினார்களே தவிர, பிறப்பிடத்தை எண்ணும் முறையை மாற்றவில்லை. அத்தகைய பகுதிகளில் பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் வாரத்திற்கு 25 மணி நேரம் காப்பகத்தில் விட வேண்டும். மறுத்தால் குழந்தைக்கான உதவித்தொகையை இழக்க நேரிடும்.

நம்மவர் கதையும் இதில் உண்டு. இலங்கைத் தமிழ் ஏதிலியர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை டேனியச் சட்டத்திலேயே இருந்தபோது, 1987-இல் நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கச் செய்தார். போர் நடந்த மண்ணில் குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

மாறாக, வரி குறைந்த, சந்தையைப் பெரிதும் நம்பும் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, தீபாவளி பொது விடுமுறை. அங்கு 2023-இல் தர்மன் சண்முகரத்தினம் 70 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளுடன் குடியரசுத் தலைவரானார்.

வடகாற்று:
தமிழர் வழக்கின் பிற்பகுதியையும் சொல்லியிருக்க வேண்டும். விசாரணை நடந்தது, அதன் அறிக்கை வெளிவந்ததும் 1993 ஜனவரியில், பத்தாண்டுக்கு மேல் ஆண்ட பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார், 1995-இல் அந்த அமைச்சரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லாத ஏதிலியருக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசே கவிழ்ந்தது என்பதை நான் பெருமதிப்புடன் பார்க்கிறேன்.

சிங்கப்பூரைக் கட்டிய தமிழ்த் தொழிலாளியின் நிலை என்ன? வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அந்நாட்டுக் குடிமகளை மணக்க அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். 2020 பெருந்தொற்றின்போது விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்களே. ஆட்சிமொழித் தகுதி அந்த விடுதிக்குள் நுழையவில்லை.

நெய்தல்:
இரண்டு நாடுகளிலும் கதவின் அளவைப் பொருளாதார அமைப்பே தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. டென்மார்க்கில் வரிப்பணமே பொதுக் கருவூலமாகி அனைவரையும் தாங்குவதால், புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதில் பங்கு கேட்பவராகக் கணக்கிடப்படுகிறார். 2002-இல் புதியவர்களுக்கென உதவித்தொகையைக் குறைத்தார்கள், 2012-இல் அந்தக் குறைப்பை நீக்கினார்கள், 2015-இல் அதை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் 55 வயதுக்குட்பட்ட குடிமக்களின் ஊதியத்திலிருந்து 20 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 17 விழுக்காடும் மத்திய சேமநிதியில் அவரவர் கணக்கிலேயே சேர்கின்றன. அயல்நாட்டுத் தொழிலாளி அந்த நிதிக்கு வெளியே இருப்பவர். அவரால் அரசுக்குப் பெரிய செலவில்லை என்பதால் ஏராளமானோரை அழைக்கிறார்கள், வேரூன்றத்தான் விடுவதில்லை.

கடலோடி:
நெய்தலின் விளக்கம் முதல் தலைமுறைக்குப் பொருந்தும். தொழிலாளர் விடுதிகளைப் பற்றி வடகாற்று எழுதியதையும் நான் மறுக்கவில்லை, அது கொடுமையே. ஆனால் டென்மார்க்கின் அந்தப் பட்டியலுக்கான கணக்கில் குடிவந்தவர் மட்டுமன்றி, அங்கேயே பிறந்த அவர் பிள்ளைகளும் சேர்க்கப்படுகிறார்கள். கோபன்ஹேகனில் பிறந்து, டேனிய மொழியில் படித்து, குடியுரிமை பெற்று, வடகாற்று போற்றும் அந்த உயர்ந்த வரியை முழுவதுமாகச் செலுத்தும் ஒரு செவிலியர்கூட, பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்தோ பெய்ரூட்டிலிருந்தோ வந்தவர்கள் என்றால், தம் குடியிருப்பின் 'மேற்கல்லாதோர்' விழுக்காட்டை உயர்த்துபவராகவே எண்ணப்படுகிறார். கருவூலத்திற்குக் கொடுப்பவரை ஏன் இப்படிப் பிரித்து எண்ண வேண்டும் என்பதற்கு, நெய்தல், தங்கள் பொருளாதார வாதத்தில் விடை இருந்தால் எழுதுங்கள்.