பாட்டி டப்பா அலர்ட் ஏன் வரல

ஆனந்தி அக்கா: நேத்து நைட்டு பாட்டி மாத்திரை டப்பா தொறக்கலன்னு யாருக்காச்சும் அலர்ட் வந்துச்சா

ஆனந்தி அக்கா: எனக்கு வரல. காலைல பாத்தா டப்பால மாத்திரை அப்படியே இருக்கு

கவிதா: எனக்கும் இல்ல

மாமா: காலை வணக்கம் உறவுகளே 🌹🌹

கவிதா: மாமா 😐

சித்தப்பா: எனக்கு கேட் கேமரா அலர்ட் விடாம வந்துச்சே. அலர்ட் அனுப்புற சர்வர் நல்லாத்தான் ஓடுது

தினேஷ்: சித்தப்பா அதான் பிரச்சனையே. லாக் பாத்துட்டேன், செடி அசைஞ்சா கூட கேமரா மெசேஜ் அனுப்பிட்டு இருக்கு, நடுவுல டப்பா அனுப்புனத சர்வர் 429னு சொல்லி திருப்பி விட்டுருச்சு. ரிக்வெஸ்ட் எக்கச்சக்கமா வருது, அப்புறம் வான்னு அர்த்தம்

பெரியப்பா: கேமரா செடியப் பாக்கவா வெச்சது

கவிதா: ஆரம்பிச்சாச்சு

சித்தப்பா: கேட்டு பொதுவானதுதான்

பெரியப்பா: எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு ஊருக்கே தெரியும். அது சரி, அம்மா கூடவே இருக்கிறவனுக்கு அலர்ட் எதுக்கு

ஆனந்தி அக்கா: அப்பா ப்ளீஸ். தினேஷ் நீ சொல்லு, டப்பா ஒரே ஒரு மெசேஜ்தானே அனுப்புது, அத ஏன் தடுக்கணும்

தினேஷ்: அக்கா நம்ம நோட்டிஃபை (ntfy) சர்வர்ல ஒவ்வொரு விசிட்டருக்கும் ஒரு வாளி இருக்குன்னு வெச்சுக்கோ, டீஃபால்ட்டா அதுல 60 ரிக்வெஸ்ட், தீந்துபோனா 5 செகண்டுக்கு ஒண்ணுன்னு திரும்ப ஊறும், அதாவது நிமிஷத்துக்கு 12தான். விசிட்டர்னா ஆள் இல்ல, ஐபி அட்ரஸ், நெட்ல கனெக்ஷனோட விலாசம். இப்ப சர்வருக்கு முன்னாடி ரிவர்ஸ் ப்ராக்ஸின்னு வாசல்ல நின்னு வாங்கி உள்ள குடுக்குற ஒரு ப்ரோக்ராம் இருக்கு, எல்லாம் அது வழியாத்தான் வருது, அதனால சர்வர் ப்ராக்ஸியோட ஐபிய மட்டும் பாத்து நம்ம மொத்தக் குடும்பத்தையும் ஒரே ஆளா எண்ணுது. கேமரா ஊற ஊற மொத்தத்தையும் குடிச்சிருச்சு, டப்பா வந்தப்ப ஒண்ணுமில்ல. கான்ஃபிக் ஃபைல்ல பிஹைண்ட் ப்ராக்ஸின்னு ஒரு வரி, அத ட்ரூன்னு போட்டா ப்ராக்ஸி ஒட்டி அனுப்புற எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்ங்கிற குறிப்புல (ஹெட்டர்) இருந்து நிஜ ஐபிய எடுத்துக்கும்

மாமா: அருமை 👏

கவிதா: அதான் என் போன் கனெக்ட் ஆகாம சுத்துதா

தினேஷ்: இருக்கலாம். விசிட்டருக்கு 30 சப்ஸ்க்ரிப்ஷன்தான் டீஃபால்ட், அதாவது அலர்ட்டுக்காக போன் தொறந்து வெக்கிற கனெக்ஷன், எல்லாரும் ஒரே ஆளுன்னா அதுவும் நெரம்பிடும்

பெரியம்மா: 🎤 0:47

கவிதா: மீட்டிங்ல இருக்கேன், என்ன சொல்றாங்க யாராச்சும் எழுதுங்க

ஆனந்தி அக்கா: பாட்டி நேத்து மாத்திரை போட்டுக்கிட்டாங்களாம். அட்டையில இருந்து நேரா பிச்சு. டப்பா மேல நம்பிக்கை இல்லையாம்

கவிதா: 😂😂😂

சித்தப்பா: எங்கம்மா வெவரம்

ஆனந்தி அக்கா: சிரிங்க. அட்டைலயும் எடுத்து டப்பாலயும் எடுத்து ரெண்டு தடவ பிபி மாத்திரை போட்டுக்கிட்டா அப்ப தெரியும். அட்டைய எடுத்து ஒளிச்சு வைங்க மொதல்ல

விக்னேஷ்: ட்ரூ மட்டும் பத்தாது. டப்பாவும் கேமராவும் ஒரே வைஃபை

தினேஷ்: அதான். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே ஐபி, திரும்ப ஒரே வாளி

சித்தப்பா: 60ங்கிறத 6000னு போட்டுடேன், வேலை முடிஞ்சுது

தினேஷ்: போடலாம் சித்தப்பா, அப்புறம் செடி ஆடுறது 6000 தடவ எல்லார் போன்லயும் அடிக்கும்

ஆனந்தி அக்கா: டப்பாவுக்கு அர்ஜென்ட்னு மார்க் பண்ண முடியாதா

தினேஷ்: ப்ரயாரிட்டி 5 போட்டா போன் பலமா கத்தும், அவ்ளோதான், லிமிட் அதப் பாக்காது. இன்னொண்ணு, போன் ஆஃப்ல இருந்தா சர்வர் 12 மணி நேரம் மெசேஜ வெச்சிருந்து குடுக்கும், ஆனா 429 வாங்கினது உள்ளயே போகல, அனுப்புறவன்தான் திரும்ப அனுப்பணும். டப்பா ஸ்கிரிப்ட்ல ரீட்ரை இல்ல, இன்னைக்கு சேக்குறேன்

விக்னேஷ்: எக்ஸெம்ப்ட் லிஸ்ட்? லிமிட் இல்லாம விடுற ஐபி லிஸ்ட்

தினேஷ்: கேமராவும் சேந்து தப்பிச்சிடும்டா. வீட்டு ஐபியும் மாறிட்டே இருக்கு, ஐபிக்கு பதிலா ஹோஸ்ட்நேம்னு பேர குடுத்தாலும் சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவதான் அதோட ஐபிய பாத்து வெச்சுக்கும்

விக்னேஷ்: அப்ப டப்பாவுக்கு தனி யூசர்

தினேஷ்: யூசரோட ஒரு டியரும், அதாவது தனி லிமிட் செட்டும், ஒதுக்கணும். டியர் இல்லாத யூசர இன்னும் ஐபில வெச்சுத்தான் எண்ணும்

மாமா: தம்பி என் டேங்க் மோட்டரையும் இதுல சேத்து விடேன்

கவிதா: மாமா மொதல்ல என் சார்ஜர குடுங்க, போன வருஷம் வாங்கிட்டுப் போனது

மாமா: எந்த சார்ஜர்

பெரியப்பா: கேமராவ கழட்டுனா எல்லாம் சரியாகும்

சித்தப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கவிதா: படிச்சிட்டேன்

பெரியப்பா: நானும் படிச்சேன். சுவர் அளந்த அன்னைக்கு நான் ஏன் வரலன்னு அவன்கிட்டயே கேளுங்க

ஆனந்தி அக்கா: நிறுத்துங்க ரெண்டு பேரும். சித்தப்பா கேமரா ஆப்ல நிமிஷத்துக்கு ஒண்ணுக்கு மேல அனுப்பாதன்னு செட்டிங் இருக்குல்ல, அத வைங்க

சித்தப்பா: பாக்குறேன்

தினேஷ்: பாக்குறேன்னா?

சித்தப்பா: பாக்குறேன்பா

தினேஷ்: சரி ட்ரூ போட்டு இப்ப ரீஸ்டார்ட் பண்றேன், டியர் நைட்டு. விக்னேஷ், சர்வர் போர்ட்ட, அதோட வாசல, நேரா வெளிய தொறந்தது நீதானே? மூடு. ப்ராக்ஸிய சுத்திட்டு வர்றவன் ஹெட்டர்ல எந்த ஐபி வேணா எழுதிக்கலாம், அப்புறம் லிமிட் வெச்சு என்ன புண்ணியம்

விக்னேஷ்: டெஸ்ட்டுக்கு தொறந்தேன்

தினேஷ்: எப்ப

விக்னேஷ்: மூடுறேன்

பெரியம்மா: 🎤 1:12

கவிதா: பெரியம்மா டைப் பண்ணுங்க

மாமா: மோட்டர் பத்தி யாரும் பதில் சொல்லலியே