மேற்கு ஜன்னல் ஹால், பகலில் இருட்டு, சாயங்காலம் சூடு: உட்கார மனசு வர்ற மாதிரி மாத்துவது எப்படி?

சத்துவாச்சாரி_மாடிவீடு கேட்டது:

வீடு வேலூர் சத்துவாச்சாரியில், முதல் மாடி. மேலே மொட்டைமாடிதான். ஹால் 12 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. மேற்கில் 5 அடி அகல ஜன்னல் ஒன்று, கிழக்கில் வாசல், வெளியே கிரில் கேட். காலையில் மங்கலா இருக்கு, மூணு மணிக்கு மேல் கண் கூசுது, ராத்திரி பத்து மணிக்கும் மேற்குச் சுவர் சுடுது.

வெளிச்சத்துக்கு ஒரே டியூப்லைட். ஒரு பக்கச் சுவர் முழுக்க அடர் பழுப்பு பிளைவுட் ஷோகேஸ். பாத்ரூம் ஒட்டின சுவரில் தரையிலிருந்து ஒரு அடிக்கு உப்பு பூத்திருக்கு. ரிட்டயர் ஆன அம்மா நாள் முழுக்க இங்கதான் இருக்காங்க, ரொம்ப சோர்வா தெரியறாங்க. கையில் 25,000 ரூபாய். வால்பேப்பர், ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம், கலர் எல்இடி பட்டை எல்லாம் யோசிச்சோம். எதில் ஆரம்பிக்கலாம்?

பட்டி_பிரைமர்:

வால்பேப்பர் வேண்டாங்க. ஓதம் இருக்கிற சுவரில் ஒட்டினா பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், ஓரம் சுருண்டு வரும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்க. தாளின் உள்பக்கம் முத்து முத்தா தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. பாத்ரூம் பக்கம் டைல்ஸ் இடுக்கு, குழாய் மூட்டு, தரைச் சல்லடை ஓரம் மூணையும் பிளம்பரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அதைச் சரி செய்யாம எந்த டேம்ப் புரூஃப் பெயின்ட் அடித்தாலும் கொப்புளமாத்தான் கிளம்பும்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீங்க. கரைஞ்சு திரும்ப பூச்சுக்குள்ளேயே போயிடும். காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டணும். கசிவு நின்ற பிறகு அந்த இடம் நல்லா காயணும், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. கையில் தட்டிப் பார்த்துப் பொக்கு சத்தம் வந்தா பூச்சையே உடைத்துப் புதுசா பூசணும்.

அளவு: சுற்றளவு 54 அடி, உயரம் 10, மொத்தம் 540 சதுர அடி. வாசல், ஜன்னல் கழித்தால் 460. நல்ல சுவரில் இரண்டு கோட் எமல்ஷன் பெயின்ட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி வைங்க. 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், 4 லிட்டர் டப்பா இரண்டு போதும். இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலந்துட்டு அடிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா நடுச்சுவரில் நிறம் மாறித் தெரியும். அரை லிட்டர் எடுத்து வைங்க, பின்னாடி கீறல் மறைக்க உதவும். சீலிங் 180 சதுர அடிக்கு வெள்ளை 3 லிட்டர்.

வரிசை: பழைய பெயின்ட் சுரண்டல், உப்புத்தாள், பிரைமர், பட்டி (சுவரை வழவழப்பாக்கும் வெள்ளைப் பூச்சு) இரண்டு கை, 180 நம்பர் தாளில் தேய்ப்பு, தூசி துடைத்து மறுபடி பிரைமர், பிறகு எமல்ஷன். பட்டித் தூசியைத் துடைக்காம அடிப்பதால்தான் பல வீட்டில் பெயின்ட் ஏடு ஏடா உரியுது. கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரம் விடணும். கத்திரி வெயிலில் அடிச்சா வேகமா காய்ந்து ரோலர் கோடு நிற்கும். ஐப்பசி மழையில் காயவே காயாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோதான காலம்.

நிறம்: சாயங்கால வெயில் தானாவே மஞ்சள். அதோட சந்தனம், ஆரஞ்சு சேர்ந்தா நாலு மணிக்கு அறை தகிக்கிற மாதிரி இருக்கும். வெளிர் பச்சை அல்லது சாம்பல் கலந்த வெள்ளை எடுங்க. அடர் சுவர் இந்த ஹாலுக்கு வேண்டாம், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குடிச்சிடும். 2 அடிக்கு 2 அடி மாதிரி அடித்து காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூணிலும் பாருங்க. பெயின்ட் கடை நிற அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிர் நிறமே எடுக்கணும், நாலு சுவரிலும் சேர்ந்தால் எப்பவும் அடர்த்தியாத்தான் தெரியும்.

ஒயரிங்_காட்பாடி:

ஒரே டியூப்லைட் என்பதுதான் இங்க பெரிய குறை. மூலைகள் இருட்டா கிடக்கும், முகத்தில் நிழல் விழும். அதைப் பகல் வேலைக்கு வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குன்னு தனியா நாலு 9 வாட் எல்இடி போடுங்க: இரண்டு சுவர் விளக்கு, சோபா பக்கம் ஒரு நிற்கும் விளக்கு, ஷோகேஸ் மேல் சீலிங்கைப் பார்த்து ஒன்று. டப்பாவில் வார்ம் ஒயிட், 2700 அல்லது 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று இருக்கணும். 6500 என்றால் அந்த நீல வெள்ளை. சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 கிடைத்தால் எடுங்க, முகமும் துணியும் அதன் உண்மை நிறத்தில் தெரியும்.

நாலுக்கும் ஒரே கெல்வின் வாங்குங்க. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றிருந்தா எவ்வளவு செலவு பண்ணினாலும் அறை ஒட்டாம நிற்கும். டிம்மர் வேணும்னா டிம்மபிள் என்று எழுதியிருக்கிற பல்பு மட்டுமே, மற்றது மினுக்கும். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு வராம பாருங்க, நிழல் வெட்டி வெட்டித் தலை வலிக்கும். கலர் பட்டை பண்டிகைக்குச் சரி, தினமும் உட்கார ஆகாது.

காந்திநகர்_தையல்:

உள்ளே எவ்வளவு கனமா ஸ்க்ரீன் போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி போடுங்க. ஒரு மணிக்கு இறக்கி, வெயில் தாழ்ந்ததும் சுருட்டுங்க. காற்றில் அடிக்காம இருக்க கீழே இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டணும். மேற்கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பூச்சும் அடித்தால் ராத்திரிச் சூடு குறையும்.

உள்ளே மெல்லிய வெளிர் காட்டன் போதும். கம்பியை ஜன்னலுக்கு 6 அங்குலம் மேலே, இருபுறமும் 9 அங்குலம் நீட்டி அடிங்க. திறந்தால் துணி சுவர் மேல் ஒதுங்கி ஜன்னல் முழுக்கத் தெரியும். கம்பி ஆறரை அடி வரும், துணி அகலம் அதுக்கு இரண்டு மடங்கு, 13 அடி. வெட்டும் முன் நனைத்துக் காயப்போடணும், காட்டன் சுருங்கினா தரைக்கு மேலே தூக்கிக்கிட்டு நிற்கும்.

ஷோகேஸின் மேல்பாதியை ஆசாரியை விட்டு எடுத்துடுங்க. மீதியில் பாதித் தட்டு காலியா இருக்கட்டும். தூசி படிந்த பிளாஸ்டிக் பூவை எடுத்துட்டு கரிகிரி மண்ஜாடி ஒன்று வைங்க. தரைக்கு வந்தவாசி கோரைப்பாய் குளுமையா இருக்கும், ஓதச் சுவர் பக்கம் மட்டும் வேண்டாம். மாலை போட்ட படங்கள் அம்மா உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தா பக்கத்துச் சுவருக்கு மாத்துங்க.

செடி என்றால் ஸ்நேக் பிளான்ட். மண் முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர், இல்லைன்னா வேர் அழுகும். போர் தண்ணி உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையா படிந்து இலை நுனி கருகும், மழைத் தண்ணி பிடித்து ஊற்றினா நல்லது.

அம்மாவின் நாற்காலியைக் காலையில் கிழக்கு வாசலோரம் போடுங்க. கேட்டைப் பூட்டிக் கதவைத் திறந்து வைத்தால் காலை வெளிச்சம் நேரா முகத்துக்கு வரும். உடம்பின் தூக்க விழிப்பு நேரத்தைச் சரியா வைக்க அந்த வெளிச்சம் உதவும், சாதாரண வீட்டு பல்பு எதுவும் அதுக்கு ஈடில்லை. ஒன்று மட்டும் சொல்லணும்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் பேச்சும் குறைஞ்சிருந்தா பெயின்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கு. அரசின் மனநல உதவி எண் டெலிமனஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

சத்துவாச்சாரி_மாடிவீடு:

ரொம்ப நன்றிங்க. நாளைக்கே பிளம்பரைக் கூப்பிடறேன், அம்மாவையும் டாக்டர்கிட்ட காட்டறேன். ஒரு சந்தேகம்: ஜன்னல் கதவு நாலும் வெளிப்பக்கம் திறக்குது. தட்டி எங்கே மாட்டுவது?

காந்திநகர்_தையல்:

சன்ஷேடின் முன் விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்க விடுங்க. 5 அடி ஜன்னலில் நாலு கதவு என்றால் ஒன்று 15 அங்குலம். சன்ஷேடு 18 அங்குலமாவது நீட்டியிருந்தா கதவு தட்டியில் இடிக்காது. முதலில் டேப் வைத்து அளந்துட்டு தட்டி வாங்குங்க. அகலம் ஜன்னலைவிட இருபுறமும் அரை அடி கூட இருக்கணும், சாயங்கால வெயில் ஓரத்தில் சரிஞ்சு உள்ளே வரும்.