புதுப்பிப்பு: பெற்றவரைத் தேடலாமா என்று கேட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது

கடலூரில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவன் நான். பெற்றவரைத் தேடினால் வளர்த்த அம்மா மனம் நோவாரோ என்று இங்கே கேட்டிருந்தேன். "முதலில் அம்மாவிடம் பேசு" என்றீர்கள். பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பீரோவைத் திறந்து தத்துப் பத்திரத்தை எடுத்துவந்து, "இதுவும் வேணும்ல?" என்றார்.

மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் வழியாக விண்ணப்பித்தேன். பெற்றவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் சந்திக்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் எனக்குச் சொல்லவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது, மஞ்சக்குப்பத்தில் நடுரோட்டில் நின்று அழுதேன். உயிரோடு இருக்கிறாரே, அதுவே எனக்குப் பெரிய செய்தி. அவருக்கு என்ன பயமோ, யாரிடம் என்ன மறைத்து வாழ்கிறாரோ! மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் அதைத்தான் சொல்கின்றன: நம் தேடல் பெற்றவரின் அந்தரங்க உரிமையை மீறக்கூடாது. மனம் மாறினால் படிக்கட்டும் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தத்துப்பிள்ளையான தம்பிக்காக, பெற்றவரைத் தேடி நான் விண்ணப்பிக்கலாமா என்று கேட்ட புதுச்சேரி அக்காவுக்கு: தம்பிக்காக நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, மூன்றாம் நபருக்கு அனுமதியில்லை. 18 வயது முடிந்திருந்தால் அவரே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வளர்ப்புப் பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.